மருந்துச் சுற்றுக்கும் மலைப்பாதைக்கும் இடையில்

நோயும் உடலுழைப்பும் – 7

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் படுத்து ஓய்வெடுப்பதே நல்லது என்னும் எண்ணம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் வலுவாக உள்ளது. நோயாளி மாடிப்படி ஏறினாலே பதறும் அன்பிலிருந்து அது பிறப்பதால், அறியாமை என்று அதை ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் மருத்துவ ஆய்வு வேறு திசையில் நகர்ந்துவிட்டது. உடற்பயிற்சியைப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வழக்கமான பகுதியாகவே சேர்க்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2018இல் அறிவித்தது. அப்படியானால், மலையேற்றம் போன்ற கடும் சவாலைச் சிகிச்சைக் காலத்திலேயே மேற்கொள்ளலாமா என்ற வினா எழுகிறது.

இத்துறையின் முதன்மையான சான்றுகளுள் ஒன்று, தமிழர் செறிந்து வாழும் சிட்னியின் ஹோம்புஷுக்கு அண்டையிலுள்ள கான்கார்ட் மருத்துவமனையோடு தொடர்புடையது. அங்குப் பணியாற்றும் புற்றுநோய் மருத்துவர் ஜேனட் வார்டி, கனடிய ஆய்வாளர்களுடன் இணைந்து முன்னின்று நடத்திய ‘சேலஞ்ச்’ ஆய்வு 2009இல் தொடங்கி, அதன் முடிவு 2025 ஜூனில் வெளியாயிற்று. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரில் ஒரு பிரிவினர் பயிற்றுநரின் துணையுடன் மூன்றாண்டு உடற்பயிற்சித் திட்டத்தைப் பின்பற்ற, மறுபிரிவினருக்கு உடல்நலக் கையேடுகள் மட்டுமே தரப்பட்டன. நோய் திரும்பாமலும் புதிய புற்றுநோய் தோன்றாமலும் ஐந்தாண்டு கடந்தவர்கள் முதற்பிரிவில் 80.3 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 73.9 விழுக்காடு, எட்டாண்டு முடிவில் உயிருடன் இருந்தவர்கள் முறையே 90.3, 83.2 விழுக்காடு. முதற்பிரிவினரிடம் கோரப்பட்டது மலையேற்றம் அன்று. வழக்கமான உழைப்புக்கு மேலாக, வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி முதல் ஒரு மணி நேர விரைநடைக்கு ஈடான உழைப்பே.

இது சிகிச்சை முடிந்தவர்களின் நிலை. கீமோதெரபி நடக்கும்போதே உடல் மலையை எவ்வாறு எதிர்கொள்ளும் என்பதை அறிய, சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டு நிலையத்தில் ரயிலேறிச் சென்றடையும் கட்டூம்பா நல்ல எடுத்துக்காட்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலுள்ள இந்த நீலமலை நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் ‘அல்ட்ரா டிரெயில் ஆஸ்திரேலியா’ நெடுந்தொலைவு ஓட்டத்தின் இறுதிக்கட்டம், பள்ளத்தாக்கிலிருந்து ஃபர்பர் படிகள் என்னும் 951 படிகளில் ஏறுவதாகும்.

கீமோதெரபி சிவப்பணுக்களைக் குறைப்பதால் தசைக்குச் செல்லும் ஆக்சிஜன் குறைந்து, அதே படி இருமடங்கு கனப்பதாகத் தோன்றும். டாக்சோருபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைத் தளர்த்தக்கூடும். பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஆக்சாலிபிளாட்டின் கைகால் நரம்புகளைத் தாக்குவதால், பாதம் மரத்துப்போனவருக்கு ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. படியின் விளிம்பைக் கால் உணராது. அம்மருந்து குளிரையும் தாங்கவிடாது என்பதால், மலைக்காற்றில் சில்லிட்ட உலோகக் கைப்பிடியைத் தொட்டவுடன் விரல்களில் மின்சாரம் பாய்வது போன்ற கூச்சம் ஏற்படும். மருந்து ஏற்றிய ஓரிரு வாரங்களில் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும் நாட்களில் 38 பாகை காய்ச்சலே அவசரநிலை. அந்நாட்களில் மருத்துவமனையை விட்டு வெகுதூரம் செல்வது தகாது.

அமெரிக்கரான ஷான் ஸ்வார்னர் இளமையில் இருவேறு புற்றுநோய்களுக்கு ஆளாகி, ஒரு நுரையீரலின் செயலை இழந்தும் 2002இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். ஆனால் அது சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே. அவரது சாதனை போற்றத்தக்கது. எனினும் மருந்துச் சுற்றுகளுக்கு இடையே இருப்பவருக்கு அது அளவுகோல் ஆகாது. உச்சியை அடைவது அவரவர் விருப்பம்; அதற்காக உடலைச் சிறிது சிறிதாகப் பழக்கும் பயிற்சியோ அனைவருக்கும் உரிய சிகிச்சை.

அப்பயிற்சியை வகுத்துத் தருபவர்களே உடற்பயிற்சி உடலியலாளர்கள். இரத்தப் பரிசோதனை முடிவையும் இதயத்தின் நிலையையும் பார்த்து, நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது என்பது போன்ற எளிய அளவுகளால் அன்றன்றைய உழைப்பை அவர்கள் வரையறுப்பார்கள். குடும்ப மருத்துவர் எழுதித்தரும் நாட்பட்ட நோய்த் திட்டத்தின் வழியே, இத்தகைய துணைச் சேவைகளுக்கு ஆண்டுக்கு ஐந்து அமர்வுகள் வரை ஆஸ்திரேலிய அரசின் மெடிகேர் உதவித்தொகை உண்டு. நோயாளியை நடக்கவிடாமல் தடுக்கும் அன்பு, இந்த அமர்வுக்கு அவரை அழைத்துச் சென்று, மாலையில் அவரோடு சேர்ந்து நடக்கும் அன்பாக மாற வேண்டும்; ஹோம்புஷ் குடும்பங்கள் இன்றே தொடங்கக்கூடிய பணி இது.

கதிர்வீச்சுச் சிகிச்சைக் காலச் சோர்வும் பயிற்சியும் அடுத்த இதழில் விளக்கப்படும்.