கொழும்பில் வீடு வாங்கும் வெளியூரவரும் ஞாயிற்றுக்கிழமை முற்பணமும்

காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று கிழக்கின் ஊர்களிலிருந்து தொழிலுக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் எம்மவர்கள் கொழும்புப் பக்கம் குடிபெயர்வது புதிய விடயமல்ல. வருபவர்கள் அனைவரும் தேடுவது ஏறத்தாழ ஒரே இடங்களைத்தான். பள்ளிவாசல் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், முஸ்லிம் பாடசாலை அருகில் இருக்க வேண்டும், அயலில் எமது மக்கள் இருக்க வேண்டும். ஆகவே தெஹிவளை, களுபோவில, கொலன்னாவ, மாபோல போன்ற பகுதிகளின் சில வீதிகளில் ஒரு வீடு விலைக்கு வந்தால் அதைப் பார்க்கப் பத்துப் பேர் போகிறார்கள்.

இந்தப் போட்டியில் உள்ளூர்க்காரரை விட வெளியூர்க்காரருக்கே பாதிப்பு அதிகம். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி, சனி ஞாயிறு இரண்டு நாளில் நான்கு வீடுகளைப் பார்த்துவிட்டு, திங்கள் காலை வேலைக்குத் திரும்ப வேண்டிய மனிதரிடம், "வேறு பார்ட்டியும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார், இன்றைக்கே அட்வான்ஸ் வைத்தால்தான் வீடு உங்களுக்கு" என்று தரகர் சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காணிப் பதிவகம் மூடியிருக்கும். வாங்குபவர் அவசரப்படும் அதே நாளில்தான், விற்பவர் உண்மையான உரிமையாளரா என்று பார்க்கும் வழியும் அடைபட்டிருக்கிறது. எனவே ஐந்து இலட்சமோ பத்து இலட்சமோ ஒரு வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு கைமாறுகிறது.

அந்தத் தாளின் பெறுமதி என்ன? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. காணியை விற்பது மட்டுமல்ல, விற்பதாக வாக்குறுதி அளிக்கும் உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளுடன் ஒப்பமிடப்பட வேண்டும் என்பதே அதன் விதி. இல்லாவிட்டால் அது சட்டத்தில் செல்லாது. நாளை ஒருவர் கூடுதல் விலை கொடுத்து அதே வீட்டை வாங்கினால், உங்கள் தாளை வைத்து வீட்டைக் கேட்க முடியாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்காடலாம், அவ்வளவுதான். மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ கொழும்பு நீதிமன்றத்துக்குத் தவணைக்குத் தவணை அலையும் செலவைக் கணக்கிட்டால் பலர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள்.

சரியான ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. முதலில் உறுதியினதும் வரைபடத்தினதும் பிரதியைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. அந்தப் பிரதிகளை உங்களுடைய சட்டத்தரணியிடம் கொடுங்கள். விற்பவரின் சட்டத்தரணியோ தரகர் அழைத்து வருபவரோ போதாது. கொழும்புப் பக்கத்து உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதால், வரிக்கு வரி தமிழில் விளக்கக்கூடிய ஒருவராகப் பார்ப்பது நல்லது. அவர் காணிப் பதிவகத்தில் ஆகக் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடுவார். அண்மையில் ஒப்படைக்கப்பட்டு இன்னும் பதிவேட்டில் ஏறாத உறுதிகள் நாட்பதிவில் இருக்கக்கூடும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்குச் சில வேலை நாட்கள் போதும். அதன் பிறகு நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதி, அதனுடன் முற்பணத்தைக் கொடுத்து, உடன்படிக்கையைப் பதிவகத்தில் பதிவு செய்யுங்கள். அந்தச் சில நாட்களுக்குள் வீடு கைநழுவிப் போனால் போகட்டும். அடுத்த மாதம் இன்னொன்று வரும்.

முஸ்லிம் குடும்பத்தின் வீட்டை வாங்கும்போது இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். வாப்பா மௌத்தாகி, மூத்த மகன் நின்று விற்கிறார் என்றால், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைச் சட்டத்தின்படி உம்மாவுக்கும் பெண்மக்களுக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு. கட்டாரில் இருக்கும் தங்கை ஒப்பமிடவில்லை என்றால் அவருடைய பங்கு விற்கப்படவில்லை. நீங்கள் அவருடன் கூட்டு உரிமையாளர் ஆகிவிடுவீர்கள், பிறகு பங்கு பிரிக்கும் வழக்கில்தான் போய் நிற்க வேண்டும். "தங்கச்சி ஒன்றும் சொல்ல மாட்டா" என்ற வார்த்தை உறுதியில் எழுதப்படுவதில்லை. அற்றோணித் தத்துவம் காட்டினால், அதைக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் மரணித்தால் தத்துவமும் முடிந்துவிடும்.

விற்பவருக்கு அந்த வீடு நன்கொடை உறுதியால் வந்திருந்தால், கொடுத்தவருக்குச் சீவிய உரித்து ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மீளப்பெற முடியாத நன்கொடை என்று எழுதியிருந்தாலும், பெற்றவர் பெரும் நன்றிகேடாக நடந்தால் நீதிமன்றம் சென்று அதை நீக்கிக்கொள்ள 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்துள்ளது.

பதிவகத்தில் தெரியாத விடயங்களும் உண்டு. கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா, சோலை வரி நிலுவை உள்ளதா என்பதை மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்கலாம். பழைய வாடகைக் குடியிருப்பாளர் இருந்தால், அவர் வெளியேறிய பின்னரே மீதிப் பணத்தைக் கொடுங்கள். வெல்லம்பிட்டி, கொலன்னாவப் பக்கம் என்றால் அயல் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, 2016 மே மாத வெள்ளம் அந்த ஒழுங்கையில் எவ்வளவு உயரம் வந்தது என்று முஅத்தினிடம் கேளுங்கள். தரகரிடம் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

செலவுக் கணக்கில் பலர் மறப்பது முத்திரை வரியை. மேல் மாகாணத்தில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும் வாங்குபவரே செலுத்த வேண்டும். இரண்டரைக் கோடி வீட்டுக்கு அது 9 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா. நொத்தாரிசுக் கட்டணம் வேறு.

பிள்ளையின் முதலாம் தர அனுமதிக்காக அவசரமாக வாங்கும் பெற்றோருக்கு ஓர் ஆசிரியராக ஒன்றைச் சொல்ல வேண்டும். வதிவிடப் பிரிவில், முந்தைய ஐந்து வருட வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் அந்த முகவரியில் இருந்ததா என்று பார்த்தே புள்ளி போடுகிறார்கள். இந்த வருடம் எழுதிய உறுதியைக் கொண்டு அடுத்த வருட அனுமதியைப் பெற்றுவிடலாம் என்பது தரகர்கள் விற்கும் கனவு.

மார்க்கப் பக்கமும் இதில் உண்டு. விலை பேசி முடியும் முன் பலர் கூட்டிக் கேட்பதில் தவறில்லை. ஒருவருடன் பேசி முடித்த பின்னர் இடையில் புகுந்து கூடுதல் விலை சொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வாங்குபவர் பின்வாங்கினால் முற்பணம் விற்பவருக்கே என்ற நிபந்தனையை எம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் ஏற்பதில்லை, ஹன்பலி மத்ஹப் அனுமதிக்கிறது. இருவரும் முஸ்லிம்களாக இருந்தால் இதை முன்கூட்டியே பேசி உடன்படிக்கையில் எழுதிக்கொள்வது மனஸ்தாபத்தைத் தவிர்க்கும்.

கடைசியாக, உறுதி யார் பெயரில்? கிழக்கில் கலியாணத்தின்போது வீடு பெண்ணின் பெயரில் எழுதப்படுவது வழமை. கொழும்பில் வாங்குவதற்காக விற்கப்படுவது பெரும்பாலும் அந்த வீடுதான். மனைவியின் வீடு ஒரு கோடிக்கு விற்கப்படுகிறது, கணவர் ஒன்றரைக் கோடி சேர்க்கிறார், புதிய உறுதி கணவரின் பெயரில் மட்டும் எழுதப்படுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வங்கிக்கும் சட்டத்தரணியிடமும் அலைந்தவர் அவர் என்பதால் அவருடைய அடையாள அட்டை இலக்கமே எழுதப்படுகிறது. ஆனால் அவர் நாளை மௌத்தானால், வாப்பா தனக்குக் கட்டிக் கொடுத்த வீட்டின் பெறுமதியில், பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒரு பங்கைத்தான் மனைவி வாரிசுரிமையாகப் பெறுவார். அவருடைய சொத்தே வாரிசுப் பங்காகச் சுருங்கிவிடுகிறது. இதைத் தவிர்ப்பது கடினமல்ல. ஒரே உறுதியில் மனைவிக்குப் பிரிக்கப்படாத ஐந்தில் இரண்டு பங்கு, கணவருக்கு ஐந்தில் மூன்று பங்கு என்று எழுத முடியும். நொத்தாரிசிடம் ஒப்பமிடும் நாளுக்கு முன்னரே அதைச் சொல்லிவிட வேண்டும். பின்னர் திருத்துவதென்றால் இன்னொரு உறுதி, இன்னொரு முத்திரை வரி.