தூணுக்குள் இருக்கும் ரிங்கைப் பாருங்கள்

2001 ஜனவரி 26 காலையில் நிலநடுக்கத்தில் குஜராத்தின் கட்ச் குலுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பலவற்றின் தரைத்தளம் வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரின்றித் தூண்களில் மட்டும் நின்றது. மேலே சுவர்களோடு விறைத்து நின்ற தளங்களின் அசைவு முழுவதும் அந்தத் தூண்களில்தான் இறங்கியது. அப்போதைய நிலநடுக்க வரைபடத்தில் அகமதாபாத் மூன்றாம் மண்டலம். 2002-இல் நிலநடுக்க விதி திருத்தப்பட்டபோது சென்னையும் இரண்டிலிருந்து மூன்றுக்கு வந்தது.

தரைத்தளத் தூண்களின் இந்த ஆபத்து தெரியாமல்தான் கீழ்ச்சுவரை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்கிறோம், மேலே இன்னொரு மாடி எழுப்புகிறோம். கீழே பலம் குறைகிறது, மேலே பாரம் கூடுகிறது. ஒரு சுவரைத் தொடும் முன்பே கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு கையில் வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் அதற்கு ஈடாகாது.

பொருள் வாங்கும்போது கம்பியின் பெயரில் உள்ள ஓர் எழுத்தைக் கவனியுங்கள். எஃப்இ 500 கம்பி அறுவதற்கு முன் குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும் என்கிறது தரவிதி; எஃப்இ 500டி-க்கு 16 சதவீதம். நிலநடுக்க விதி கேட்பதோ 14.5 சதவீதத்துக்கு மேல். ஆகவே 'டி' என்று எழுதியே கேளுங்கள். கம்பி நீண்டு கொடுத்தால் கட்டடம் விரிசல் விட்டாலும் நிற்கும், உள்ளிருப்பவர்கள் வெளியேற நேரம் கிடைக்கும்.

ஆனால் எவ்வளவு நல்ல கம்பியையும் வீணாக்கிவிடக்கூடியது, தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங். அதன் முனை செங்கோணத்தில் மடங்கியிருந்தால், மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் பிரிந்துகொள்ளும். நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கும். முனை 135 பாகை வளைந்து தூணின் உள்ளே திரும்பியிருக்க வேண்டும். தூணின் மேல், கீழ் முனைகளில் ரிங்குகளின் இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதற்குக் கூடுதலாக ஆவது கொஞ்சம் கம்பியும் கம்பி கட்டுபவரின் கொஞ்ச நேரமும்தான். தரையில் போடும் டைல்ஸுக்குக் கடை கடையாக ஏறி இறங்கும் நாம், இதைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கான்கிரீட்டின் தரம் எம் 20-க்குக் குறையக் கூடாது. கலவை எளிதாக ஓடட்டும் என்று தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். புதிய மாடியின் தடுப்புச் சுவருக்கு ஏஏசி எனப்படும் எடை குறைந்த கான்கிரீட் கல் நல்லது: எடை குறைந்தால் நிலநடுக்கம் தரும் விசையும் குறையும். தூணில்லாத பழைய செங்கல் வீடானால், சுவரின் இருபுறமும் கம்பி வலை பதித்துச் சிமென்ட் பூசி வலுவூட்டலாம்.

கம்பியிலும் சிமென்ட் மூட்டையிலும் ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம், புகாரும் அங்கேயே தரலாம். ஒப்பந்தத்தில் 'தரமான கம்பி' என்று பொதுவாக எழுதினால் பிறகு வாதாட இடமிருக்காது. கம்பியின் வகை, கான்கிரீட்டின் தரம், ரிங் இடைவெளி எல்லாம் எழுத்தில் வேண்டும். சென்ட்ரிங் அடைக்கும் முன் ஒவ்வொரு தூணையும் தேதியோடு படமெடுத்து, ரசீதுகளுடன் வையுங்கள்.

ஒப்பந்ததாரர் ஏமாற்றினால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. புதுக் குடியிருப்பில் வீடு வாங்கியவர்களுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு துணைநிற்கிறது: வீடு கைக்கு வந்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்து நீங்கள் எழுதிக் கொடுத்தால், கட்டியவர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்தாக வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம்.