எட்டு வினாடிக்குள் ஒரு முடிவு

ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கி நடக்கும்போது அரங்கில் எல்லார் கண்ணும் பந்தின் மேலேயே இருக்கும். ஒரு முறையாவது பார்வையைக் கோல்காவலர் பக்கம் திருப்பிப் பாருங்கள். ஆட்டத்தின் மிகக் கடினமான கணக்கை அவர்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

பெனால்டி கார்னரை எடுத்துக்கொள்வோம். அடி விழும் வட்டத்தின் விளிம்புக்கும் கோலுக்கும் இடையே 14.63 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்து அந்தத் தூரத்தை ஏறக்குறைய அரை வினாடியில் கடந்துவிடும். கண் கண்டதை மூளை உணர்ந்து தசைக்கு ஏவுவதற்கே சுமார் 0.2 வினாடி போய்விடுகிறது. மிச்சமிருக்கும் 0.3 வினாடியில், 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் கொண்ட கோலைக் காக்க வேண்டும். பந்து கிளம்பிய பிறகு யோசித்தால் நேரம் போதாது. ஆகவே தேர்ந்த கோல்காவலர் பந்துக்கு முன்பே அடிப்பவரின் உடலைப் படிக்கிறார். முன்கால் எங்கே ஊன்றுகிறது, தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, மட்டை எவ்வளவு தாழ்கிறது என்பவைதான் அவருக்கு எழுத்துகள்.

சமனான ஆட்டத்தைத் தீர்மானிக்கும் ஷூட்-அவுட்டில் சிக்கல் வேறு. ஆட்டக்காரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வருவார். அவருக்கு 8 வினாடி. எதிரே கோல்காவலர் மட்டுமே. முன்னே பாய்வதா, நின்று பார்ப்பதா?

வடிவியல் பாயச் சொல்கிறது. அடிப்பவருக்கும் கோலுக்கும் சரிபாதித் தூரத்தில் கோல்காவலர் நின்றால், கைகால் விரித்த 1.8 மீட்டர் உடம்பு கோலில் 3.6 மீட்டரை மறைத்துவிடும். விளக்கை நெருங்க நெருங்கச் சுவரில் நிழல் பெருப்பது போலத்தான் இதுவும். ஆனால் அவசரப்பட்டு விழுந்துவிட்டால், எதிரி பந்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு காலிக் கோலில் தட்டிவிடுவார். நெருங்கவும் வேண்டும், விழாமலும் இருக்க வேண்டும்.

இது எளிதல்ல. கால்பந்தில் 286 பெனால்டி உதைகளை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், நடுவில் அசையாமல் நின்றால் பந்தைத் தடுக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆனாலும் கோல்காவலர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்தார்கள். சும்மா நின்று கோல் வாங்குவதைவிடப் பாய்ந்து வாங்குவது மனத்துக்குச் சற்று ஆறுதல்.

அந்த ஆறுதலைத் துறந்தவர்களில் ஒருவர் நெகிரி செம்பிலான் தம்பினில் பிறந்த மலேசிய ஹாக்கிக் கோல்காவலர் எஸ். குமார். 2018 ஆகஸ்ட் 30, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதி. இந்தியாவும் மலேசியாவும் 2-2. எதிர்க் கோலில் இந்தியக் கோல்காவலர் ஸ்ரீஜேஷ். ஷூட்-அவுட்டும் சமனாகி, ஒரு தவறு நேர்ந்தால் ஆட்டம் முடிந்தது என்ற கட்டம் வந்தது. இந்தியாவின் சுனில் பந்தோடு வந்தபோது குமார் வழிவிடவில்லை. மலேசியா 7-6 என வென்று இறுதிக்குப் போனது.

ஹாக்கியில் மட்டுமல்ல, 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு மலேசியக் கால்பந்து அணி தகுதி பெற்றபோதும் கோலில் நின்றவர் ஒரு தமிழர்தான். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று பெயரெடுத்த ஆர். ஆறுமுகம் அவர்.

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டத் திடல்களாகட்டும், இன்றைய தமிழ்ப்பள்ளித் திடல்களாகட்டும், ஓட முடியாத பையனைக் கோலில் நிறுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிடுவோம். எதிராளியின் காலையும் தோளையும் கூர்ந்து பார்க்கிற, பதறாமல் ஒரு கணம் காத்திருக்கத் தெரிந்த பிள்ளையைத் தேடி அங்கே நிறுத்துங்கள். கோல் காப்பதைக் கை செய்வதற்கு முன் கண் செய்கிறது.