பப்பாசியைக் காத்த குளவி

பிள்ளைகளே, நம் ஊரான தில்லையடியில் பல வளவுகளில் கிணற்றடி ஓரமாக ஒரு பப்பாசி நிற்கும். நோன்பு திறக்கும் நேரம் உம்மா வெட்டி வைக்கும் அந்தச் சிவந்த துண்டுகளை யாருக்குத்தான் பிடிக்காது? அந்தப் பழத்தை நாம் இழந்துவிடுவோமோ என்று பயந்த காலம் ஒன்று இருந்தது.

அது 2008ஆம் ஆண்டு. முதலில் கொழும்பு, கம்பஹா பக்கத்து மரங்களில்தான் கண்டார்கள். இலையின் அடியிலும் காயிலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. இலைகள் சுருண்டன, பிஞ்சுகள் உதிர்ந்தன, மரங்கள் பட்டுப்போயின. அதே ஆண்டில் இந்தியாவின் கோயம்புத்தூரிலும் இந்தோனேசியாவிலும் இதே தொல்லை. அமெரிக்காவின் வர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆர். முனியப்பன் அந்த இரண்டு நாடுகளிலும் அதைப் பார்த்து, இது பப்பாசி மாவுப்பூச்சி என்று அடையாளம் கண்டார்.

அந்த வெள்ளை, பூச்சி தன் உடம்பிலிருந்தே சுரக்கும் மெழுகு. உள்ளே இருப்பது மஞ்சள் நிறமான சிறிய பூச்சி. ஊசி போன்ற வாயை இலைக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சும். மிஞ்சும் சர்க்கரையைப் பிசுபிசுப்பான நீராக வெளியே விடும். அதைக் குடிக்க எறும்புகள் வரும். அதிலே கரும்பூஞ்சணமும் வளர்ந்து இலையை மூடும். வெயில் படாத இலை எப்படி உணவு தயாரிக்கும்?

மருந்து அடித்தால் என்ன என்று கேட்பீர்கள். அடித்துப் பார்த்தார்கள். மெழுகில் மருந்து ஒட்டவில்லை. முட்டைகளோ நூற்றுக்கணக்கில் மெழுகுப் பைக்குள் பத்திரமாக இருந்தன. மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான் மருந்தில் செத்தன. மரவள்ளிக்கும் செவ்வரத்தைக்கும் கூட இந்தப் பூச்சி தாவியது.

அப்போது ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: இந்தப் பூச்சியின் சொந்த ஊர் எது, அங்கே பப்பாசி எப்படிப் பிழைத்திருக்கிறது? ஊர் மெக்சிக்கோ. அங்கே இது ஒரு தொல்லையாகவே இருந்ததில்லை. 1992 வரை இதற்கு ஓர் அறிவியல் பெயர்கூட வைக்கப்படவில்லை. காரணம், இதை அடக்கி வைக்கும் குளவிகள் அங்கே இருந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் அசெரோபேகஸ் பப்பாயே.

குளவி என்றதும் ஓட வேண்டாம். இதன் நீளம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை, நம்மைக் கொட்டவும் கொட்டாது. தாய்க்குளவி ஓர் இளம் மாவுப்பூச்சியைத் தேடிப் பிடித்து அதன் உடம்புக்குள் முட்டையிடும். முட்டை பொரித்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி செத்து, உடல் உப்பி, தோல் காய்ந்து இறுகும். சில நாளில் அந்தத் தோலில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியே வரும்.

வெளிநாட்டு உயிர் ஒன்றை இன்னொரு நாட்டில் சும்மா திறந்துவிட முடியாது. மாவுப்பூச்சியே அப்படி வந்த கேடுதானே! அதனால் குளவிகளை முதலில் அடைத்த ஆய்வுகூடத்தில் வைத்து, வேறு நல்ல பூச்சிகளைத் தாக்குகின்றனவா என்று பார்ப்பார்கள். இந்தக் குளவிக்கு மற்றவை வேண்டியதில்லை, பப்பாசி மாவுப்பூச்சிதான் வேண்டும். கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் இதை ஏற்கனவே விட்டு நல்ல பலன் கண்டிருந்தார்கள். அங்கிருந்து 2009இல் இலங்கைக்கும் 2010இல் பெங்களூருக்கும் குளவிகள் வந்து சேர்ந்தன.

கொஞ்சம் குளவி வந்தால் போதுமா? அவற்றைப் பெருக்க வேண்டுமே. அதற்கு உருளைக்கிழங்கு உதவியது. கிழங்கை இருட்டறையில் முளைக்க விட்டு, அந்த முளைகளில் மாவுப்பூச்சியை வளர்த்து, பிறகு குளவிகளை உள்ளே விட்டார்கள். எதிரியை ஊட்டி வளர்த்தால்தான் நண்பன் பெருகுவான்! தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இப்படிப் பெருக்கிய குளவிகளைப் பப்பாசி, மரவள்ளி, மல்பெரி பயிரிட்ட விவசாயிகளுக்குக் கொடுத்தது. சில மாதங்களிலேயே தோட்டங்கள் தெளிந்தன. இங்கே இலங்கையிலும் அப்படித்தான். அதன் பிறகு குளவிகள் தாமாகவே பெருகி, மாவுப்பூச்சி இருக்கும் இடத்தைத் தேடிப் போய்க்கொண்டன.

மாவுப்பூச்சி முற்றாக ஒழிந்துவிடவில்லை. மழையில்லாத மாதங்களில் உங்கள் வளவு மரத்திலும் கொஞ்சம் தெரியலாம். உடனே வாப்பாவிடம் பூச்சிநாசினி அடிக்கச் சொல்லிவிடாதீர்கள். மெழுகு பூச்சியைக் காத்துவிடும், குளவியைக் காக்காது. ஒரு கைவில்லையை எடுத்து இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே உப்பிக் காய்ந்த தோல்களும் அவற்றில் வட்ட ஓட்டைகளும் தெரிந்தால், குளவி அந்த மரத்துக்கு வந்துவிட்டது. அடிமரத்தில் எறும்பு வரிசை ஏறினால் அதை மட்டும் தடுத்துவிடுங்கள். இனிப்பு நீருக்காக மாவுப்பூச்சிகளுக்குக் காவல் நின்று குளவியை விரட்டுவது அந்த எறும்புகள்தான்.