துருவும் குழியும்

சங்கரன்கோவில் நெசவாளர் இல்லங்களில், கஞ்சியிட்ட பாவின் ஈரம் ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றுடன் சேருங்கால் தறியின் இரும்பு உறுப்புகளைத் துரு பற்றுகிறது. மேலாகப் படர்ந்த துரு உப்புத்தாளுக்கே போய்விடும். குழி விழுந்தபின் உப்புத்தாள் மேட்டைத் தேய்க்குமேயன்றிக் குழியின் அடியைத் தொடாது. அங்கத்தினர்கள் அவ்வுறுப்பைக் கழற்றி, கெட்டியான புளிக்கரைசலில் ஓரிரவு ஊறவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்தல் வேண்டும். புளியின் அமிலம் துருவைக் கரைக்கும். பின்னர்ச் சலவைச் சோடா நீரில் அலசி அமிலத்தை முறித்து, தாமதமின்றி உலர்த்தி எண்ணெய் பூசுக. ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு திரும்பும்.

ஆயினும் துருவாய்ப் போன இரும்பு மீளாது. குழி குழியாகவே நிற்கும். நூல் படாத திருகு, ஆணிகளில் ஆழமற்ற குழியால் கேடில்லை. பாவிழை உராயும் அச்சுக் கம்பியிலோ குழியின் விளிம்பு இழையை அறுக்கும். எஞ்சிய துரு சேலையில் கறையாகும். புளி மலிவுதான், கறைபட்ட சேலை மலிவன்று. அத்தகைய அச்சை மாற்றிவிடுதலே சிக்கனமென்பது எமது துணிபு.