கணவர் கடலுக்கு அப்பால்: கையொப்பம் யாருடையது?



அக்கரைப்பற்றில் வாழும் ஒரு சகோதரிக்குத் திருக்கோவில் பக்கம் வயற்காணியும், சீதன வீட்டின் வாடகையும் உண்டென வைத்துக்கொள்வோம். கணவர் அமெரிக்கப் பிரஜை, வேலையும் அங்கேதான். ஒருநாள் வரிப் படிவம் வருகிறது. "கையொப்பமிட்டு அனுப்பு" என்கிறார் கணவர். என்ன செய்வது?

மஹரும் சீதன வீடும் மனைவியின் சொத்து என்கிறது ஷரீஅத். நம் நாட்டு வருமான வரிச் சட்டமும் கணவனையும் மனைவியையும் தனித்தனியாகவே பார்க்கிறது. குடும்பச் செலவுக்குக் கணவர் அனுப்பும் பணம் உங்கள் வருமானமல்ல. வீட்டு வாடகை உங்கள் வருமானம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை நிவாரணம் உண்டு. அதற்கு மேற்பட்டால், மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்குரிய விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் வேறு. அங்கே கணவர் தனியாகவும் கணக்குக் காட்டலாம். வெளிநாட்டிலுள்ள மனைவியைச் சேர்த்துக் கூட்டாகவும் காட்டலாம். கூட்டாகக் காட்டினால் அவருடைய வரி குறையக்கூடும். ஆனால், உங்கள் வயல் வருமானமும் வாடகையும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். அவர் கட்டத் தவறிய வரிக்கு நீங்களும் பொறுப்பாளியாவீர்கள். அந்தத் தெரிவு ஓராண்டோடு முடிவதுமில்லை; முறைப்படி விலகும்வரை தொடரும்.

எனவே, "தனியாகவா, கூட்டாகவா?" என்று முதலில் கேளுங்கள். விபரமறிந்த ஒருவரைக் கொண்டு படிவத்தை வாசித்தறியுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். இது கணவர் மீதான சந்தேகமல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எழுதியதை வாசிக்காமல் ஒப்பமிடலாமா?