வேவு யந்திரத்தின் சுமை

இரவு உணவானதும் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, முகமறியாத தோழர்களோடு கணினியில் போர் புரியும் பிள்ளைகள் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. அவ்விளையாட்டுகளில் சற்று நின்று கவனிக்கத்தக்கது 'மெக்வாரியர் ஆன்லைன்'. கனடா நாட்டு வான்கூவர் நகரைச் சேர்ந்த பிரான்ஹா கேம்ஸ் நிறுவனத்தார் 2013இல் இதனை வெளியிட்டனர். 1984இல் அமெரிக்காவில் அச்சாகி, மறு ஆண்டே 'பேட்டில்டெக்' எனப் பெயர் மாறிய பலகை விளையாட்டே இதற்கு மூலம்.

மனிதன் உள்ளமர்ந்து ஓட்டும் இரும்பு அரக்கர்கள் இரு அணிகளாகப் பொருதும் போர் இது. மிகச் சிறியது 20 டன். மிகப் பெரியது 100 டன். எஞ்சின், கவசம், பீரங்கி யாவும் அந்த எடைக்குள் அடங்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தே ஆகவேண்டும். நம் குடும்ப வரவு செலவுக் கணக்கை நிகர்த்தது இது என்பதை இல்லத்தரசியருக்கு விளக்க வேண்டியதில்லை!

'ரேவன்' என்றொரு யந்திரம். அண்டங்காக்கையின் பெயர் கொண்டது. எடை 35 டன். அதன் 3எல் வகையில் நான்கு வேவுக் கருவிகள் உள்ளன. பகைவரின் உணர்விகளை மயக்கித் தன்னையும் அருகிலுள்ள தோழரையும் மறைக்கும் ஈசிஎம் 1.5 டன். நெடுந்தொலைவு நோக்குவதோடு, இயக்கத்தை நிறுத்திப் பதுங்கியிருப்பவனையும் கண்டுபிடிக்கும் பீகிள் 1.5 டன். இலக்கின்மீது ஒளிக்கதிர் பாய்ச்சும் டாக் 1 டன். பகைவன் மேனியில் ஒட்டிக்கொண்டு இருப்பிடத்தை அறிவிக்கும் நார்க், குண்டுகள் நீங்கலாகவே, 3 டன். ஆக 7 டன். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு! நடுத்தர லேசர் ஒன்றின் எடை 1 டன்னே என்பதை நினைத்தால், அந்த ஓட்டுநன் துறந்தது எத்தனை என்று விளங்கும்.

நான்கையும் சுமப்பது பெரும்பாலும் வீண் என்பது என் கருத்து. எதைக் கொள்வது என்பதைத் தோழரின் ஆயுதங்களே தீர்மானிக்க வேண்டும். குன்றின் மறைவிலிருந்து நெடுந்தூர ஏவுகணை எய்வோர் அணியில் மிகுதியாயின், டாக் அல்லது நார்க் பொன்னுக்குச் சமானம். இவற்றுள்ளும் பேதம் உண்டு. டாக் எடை குறைந்தது. ஈசிஎம் திரையையும் ஊடுருவுவது. எனினும் கதிர் இலக்கை விட்டு விலகலாகாது. பகைவன் கண்ணெதிரே நின்றே தீரவேண்டும். நார்க்கை எய்துவிட்டு மறைந்து ஓடலாம்; ஆயினும் பகைவர் ஈசிஎம்மின் நிழலில் புகுந்தால் அது ஊமையாகிவிடும். அணியில் ஏவுகணையே இல்லையெனில் இவ்விரண்டும் வெற்றுச் சுமை. அப்போது ஈசிஎம்மும் பீகிளுமே போதும். ஈசிஎம்மை எல்லா யந்திரங்களும் ஏற்பதில்லை என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் தோன்றும் பட்டியலில் விளைத்த சேதத்தின் கணக்கே கண்ணில் படும். அதில் வேவுகாரன் கீழே கிடப்பான். இலக்கைக் காட்டியதற்குச் சிறு சன்மானம் உண்டுதான், கைதட்டல் இல்லை. இதனாலேயே இளைஞர் பலர் வேவுக் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு லேசரைப் பொருத்துகின்றனர். பிறகு நூறு டன் யந்திரங்கள் குருடர்போல் பள்ளத்தாக்கில் தடுமாறி, எங்கிருந்து அடி விழுகிறது என்றறியாமலே சாய்கின்றன. தம் பிள்ளை பட்டியலின் அடியில் இருப்பதைக் காணும் பெற்றோர், அவன் யந்திரத்தில் என்ன சுமந்து சென்றான் என்பதையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.